மைனாவுக்கு மீதி வரி

மைனாங்குற வார்த்தைக்கு எதுகை தேடிப் பாத்திருக்கீங்களா? தேடாதீங்க. நான் தேடி, ரெண்டு வாரம் தூக்கம் கெட்டு, கடைக்கு வந்தவங்க மேலயெல்லாம் எரிஞ்சு விழுந்து, கடைசியில கல்யாண மண்டப வாசல்ல தலையில கைய வச்சுக்கிட்டு நின்னவ.

மத்த பறவைங்க எல்லாம் நல்ல பறவைங்க. குருவின்னா அருவி இருக்குது, கருவி இருக்குது. கிளின்னா துளி, ஒளி, புளி. சிறகுன்னா விறகு, பிறகு. கூடுன்னு ஒரு வரியை முடிச்சா போதும், வீடு, காடு, மாடு, பாடுன்னு ஊரே கூட வந்து நிக்கும். இந்த மைனா மட்டும் ஒத்தையில உக்காந்துக்கிட்டு நம்மளையே பாக்கும்.

செஞ்சி பஜார்ல எனக்கு வளையல் கடை. வளையல் விக்கிறதுதான் தொழில்னாலும், ஊர்ல என்னைத் தெரிஞ்சது பேனர் வரியாலதான். எங்க பக்கம் கல்யாணம்னா மண்டப வாசல்ல மாமன் பேனர், அத்தை பேனர், பசங்க பேனர்னு வரிசையா நிக்கும். ஒவ்வொண்ணுலயும் எதுகை மோனையோட ரெண்டு வரி இருக்கணும். வர்றவங்க அதைப் படிச்சு, "யாருய்யா எழுதினது"ன்னு கேட்டுட்டுதான் பந்திக்குப் போவாங்க. வரி நல்லா இல்லன்னா சாம்பார்லயும் குத்தம் சொல்வாங்க.

எனக்கு அது தானா வரும். பக்கத்துத் தெரு குழந்தைக்குக் காது குத்தினப்போ, "காது குத்தப் போறான் ராசா, கம்மல் போட்டா ரோசா"ன்னு நின்ன நிலையில சொன்னேன். வளையலுக்கு அளவு பாத்துக்கிட்டேதான் சொன்னேன். இன்னொரு கல்யாணத்துல, பொண்ணோட தாய்மாமன் ஏதோ கோவத்துல ஒதுங்கி நின்னாரு. "ஒசந்த மனசு மாமா, ஒதுங்கி நிக்கலாமா"ன்னு எழுதிக் குடுத்தேன். அடிச்சுப் புடிச்சுக்கிட்டு வந்து மாலையை வாங்கிக்கிட்டாரு.

அந்த மாமா பேனர்லதான் எனக்கும் பேனர் அடிக்கிறவருக்கும் தகராறு. நான் அனுப்பின ரெண்டு வரிக்கு நடுவுல, இடம் காலியா இருக்குதேன்னு, "மணமக்கள் பல்லாண்டு வாழ்க"ன்னு தானா ஒரு வரியைச் சொருகிட்டாரு. என் எதுகை இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! நேரா அவர் கடைக்குப் போய், தெருவே திரும்பிப் பாக்குற மாதிரி கத்திட்டு வந்தேன். "இனிமே நான் அனுப்புறதுல ஒரு எழுத்து கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது!" பாவம் மனுஷன், கையெடுத்துக் கும்பிட்டு, "சத்தியமா மாட்டேன்க்கா"ன்னாரு. இதை ஞாபகம் வச்சுக்குங்க.

இப்ப மைனா கதைக்கு வர்றேன்.

மைனாங்குறது எங்கண்ணன் பொண்ணு. அவளுக்கு நல்ல பேரு ஒண்ணு இருக்குது. ஆனா பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து வாயை மூடினதில்ல, அதனால எங்கண்ணன் மைனான்னு கூப்பிட ஆரம்பிச்சு அதுவே நிலைச்சுடுச்சு. ஸ்கூல்ல சேக்கப் போனப்போ, "பொண்ணு பேரு என்ன"ன்னு கேட்டதுக்கு மனுஷன் முழிச்சாரு. அந்தக் குட்டிதான் தன் பேரைத் தானே சொல்லி, இனிஷியலும் சொல்லிச்சாம்.

எங்கண்ணனுக்கு என் கடைக்கு அடுத்த கடை. கயிறு, தார்ப்பாய், கோணிப்பை. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, காயப்போடுற சீசன்ல அவர் கடையில கால் வைக்க இடம் இருக்காது. நடுவுல ஒரே சுவரு. இந்தப் பக்கம் நான் யாரையாவது திட்டினா அந்தப் பக்கம் அவர் இருமுவாரு.

மைனா படிச்சு முடிச்சு திண்டிவனத்துல ஒரு கம்பெனியில வேலைக்குப் போனா. அங்கேயே கூட வேலை பாக்குற பையனைப் புடிச்சுப் போச்சு. பையன் அனந்தபுரம். சீமையில்லை, தேசாந்திரமில்லை, பஸ்ஸுல ஏறி உக்காந்தா கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள வர்ற ஊரு. நல்ல குடும்பம், நல்ல பையன், ஜாதகமும் பொருந்திடுச்சு. எங்கண்ணன் போய்ப் பாத்துட்டு வந்து, "பையன் சாதுவா இருக்கான், இவ பேசுறதைக் கேக்குறதுக்குன்னே பொறந்தவன்"னு அண்ணிகிட்ட சொன்னாரு. மண்டபம் புடிச்சாரு, சமையல்காரரைப் பேசினாரு. எல்லாம் செஞ்சாரு. பொண்ணுகிட்ட மட்டும் பேசல.

ஏன்னு கேளுங்க. அவ இந்த விஷயத்தை முதல்ல எங்கிட்ட சொன்னா. அப்புறம் அவங்கம்மாகிட்ட. அப்புறம் ஜாக்கெட் தைக்கிற அக்காகிட்ட. நைனாகிட்ட, அதான் எங்கண்ணன்கிட்ட, எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சு நாளைக் கடத்திட்டா. வாய் ஓயாத பொண்ணுக்கு அந்த ஒரு ஆள்கிட்ட மட்டும் வாய் வரல. அதுக்குள்ள ஒரு நாள் கயிறு வாங்க வந்த ஆளு, "உங்க மாப்பிள்ளை அனந்தபுரமாமே"ன்னு கேட்டுட்டான். எங்கண்ணன் கயிறை அளந்து வெட்டிக் குடுத்தாரு. அந்தக் கயிறு பத்தலன்னு அந்த ஆள் திரும்பி வந்து சண்டை புடிச்சான். என் அண்ணன் கயிறு அளந்து தப்பாப் போனது எனக்குத் தெரிஞ்சு அந்த ஒரு வாட்டிதான்.

அன்னிலேர்ந்து மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டாரு. "கயிறு வாங்க வர்றவனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. நான் இன்னா அந்த வீட்டுல வாடகைக்கா இருக்கேன்?" இதை என்கிட்டதான் சொன்னாரு, சுவருக்கு இந்தப் பக்கம் வந்து. கண்ணு கலங்கியிருந்துச்சு, ஆனா அதைச் சொன்னா என்னையும் பேசாத லிஸ்ட்டுல சேத்துடுவாரு.

வீட்டுல நடந்த கூத்தைக் கேட்டா சிரிப்பீங்க. ஒரே ரூம்ல மூணு பேரும் உக்காந்திருப்பாங்க. எங்கண்ணன் அண்ணியைப் பாத்து, "அந்தப் பொண்ணு சாப்டுச்சான்னு கேளு"ம்பாரு. அண்ணி திரும்பறதுக்குள்ள அவ, "சாப்ட்டேன்னு சொல்லும்மா"ம்பா. "ரசம் ஊத்திக்கச் சொல்லு." "ஊத்திக்கிட்டேன்னு சொல்லும்மா." அண்ணி, "நான் இன்னா போஸ்ட் ஆபீஸா"ன்னு கரண்டியைப் போட்டுட்டு எழுந்து போயிடுவாங்க.

கல்யாணத்துக்கு வளையல் எடுக்க மைனா என் கடைக்கு வந்தா. பச்சையும் செவப்பும் கலந்து போட்டுப் பாத்துக்கிட்டே, "அத்தை, உன் பேனர்ல என்னை மைனான்னுதான் எழுதணும்"னா.

"அதுக்கென்னடி, எழுதிட்டாப் போச்சு. மைனாவுக்கு நைனா. கண்ண மூடிக்கிட்டு எழுதலாம்."

"அதான் வேணாம்." வளையலைக் கழட்டி வச்சுட்டா. "நைனாங்குற வார்த்தை பேனர்ல வேணாம் அத்தை. அவரு மேடைக்கு வருவாரோ மாட்டாரோ. வந்தாலும் என் மூஞ்சைப் பாப்பாரோ மாட்டாரோ. அவரு என்னை மைனான்னு கூப்பிட்டு எத்தினி மாசம் ஆவுது தெரியுமா? தாலி ஏறுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி கூப்பிட்டாப் போதும் எனக்கு. அது நடக்கலன்னா, வாசல்ல அவ்ளோ பெரிசா அந்த வார்த்தையைப் பாத்துக்கிட்டு நான் எப்படி உள்ள போவேன்?"

இவ்ளோ மெதுவா அவ பேசி நான் கேட்டதே இல்ல. அழுதுடுவேன்போல இருந்துச்சு. "சரிடி, நைனா இல்லாமலே எழுதறேன். என்னை யாருன்னு நெனச்சே"ன்னு வீறாப்பா சொல்லிட்டேன். வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்.

அதோட ரெண்டு வாரம் பட்ட பாடு! முதல் வரி சட்டுனு வந்துடுச்சு: "மலைக்கோட்டை முழுக்கக் கேக்கும் பேசினா எங்க மைனா." எங்க செஞ்சிக் கோட்டையையே உள்ள இழுத்துட்டேன், நல்ல வரிதானே? அடுத்த வரிதான் வரவேயில்ல. என் அவஸ்தையைப் பாத்துட்டு பஜாரே உதவிக்கு வந்துச்சு. டீக்கடைக்காரர் சைனான்னாரு. கல்யாணத்துக்கும் சைனாவுக்கும் இன்னாய்யா சம்பந்தம்னேன். "சீரியல் லைட்டு எல்லாம் அங்கேர்ந்துதானேக்கா வருது"ங்குறாரு. தையக்கார அக்கா, "ஜாக்கெட்டு எல்லாம் டிசைனா"ன்னு அவங்க தொழிலை அவங்க விட்டுக்குடுக்கல. வளையல் வாங்க வந்த காலேஜ் பொண்ணுங்க, "மாப்பிள்ளை பாக்க ஃபைனா"ன்னுச்சுங்க. பைக் மெக்கானிக் ஒருத்தர், "பஸ்ஸுல போட்டாரு லைனா"ன்னாரு. அதை மட்டும் எங்கண்ணன் படிச்சா பேனரோட சேத்து என்னையும் கிழிச்சுருப்பாரு. என் வீட்டுக்காரரு வாழ்க்கையில கவிதை பக்கம் போகாத மனுஷன். அவரு யோசிச்சு யோசிச்சு, தட்டுல கை கழுவிக்கிட்டே, "வைனா"ன்னாரு. அன்னிக்கு ராத்திரி அவருக்கு மோர் கிடையாதுன்னுட்டேன்.

இதுல எங்கண்ணன் வேற சுவருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, "என் போட்டோ எந்த பேனர்லயும் வரக் கூடாது, சொல்லிட்டேன்"னு குரல் குடுத்தாரு. "வராது, வராது, வந்தா ஜனங்க பயந்துக்கும்"னு நானும் குடுத்தேன்.

நாள் நெருங்கிடுச்சு. பேனர்காரரு போன் மேல போன். "அக்கா, இன்னிக்கு மிஷின்ல ஏத்தலன்னா ஆவாது." அன்னிக்குப் பாத்து கடையில கூட்டம். சீமந்தத்துக்கு வளையல் எடுக்க ஒரு குடும்பமே வந்து உக்காந்திருக்குது, ஒரு கையில வளையல் அட்டை, ஒரு கையில போன். எனக்கு எரிச்சல்னா எரிச்சல். எதுகையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு, வாட்ஸப்ல முதல் வரியைத் தட்டினேன். அதுக்குக் கீழேயே கோவத்துல, "மீதி வரி வரல எனக்கு, வந்து சொல்லட்டும் அவ நைனா"ன்னு தட்டி அனுப்பிட்டேன். மீதியை அப்புறம் சொல்றேன், பொறு-ங்குற அர்த்தத்துலதான் அனுப்பினேன். அவரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டுற பொம்மையைப் போட்டாரு. சரி, புரிஞ்சுக்கிட்டாருன்னு நானும் விட்டுட்டேன். அப்புறம் அத்தை சீர் தட்டு, பழம், பட்டுன்னு ஓடினதுல நான் மறந்தே போனேன்.

ரிசப்ஷன் அன்னிக்கு சாயங்காலம் சீர் தட்டோட மண்டபத்துக்கு வர்றேன். வாசல்ல என் பேனர் முன்னாடி ஒரே கூட்டம். சிரிப்புச் சத்தம். எனக்கு முதல்ல பெருமையாதான் இருந்துச்சு. ஆஹா, நம்ம வரிக்கு எவ்ளோ மரியாதைன்னு தட்டைத் தூக்கிக்கிட்டு முன்னாடி போய்ப் பாத்தா, ஐயய்யோ!

மலைக்கோட்டை முழுக்கக் கேக்கும் பேசினா எங்க மைனா
மீதி வரி வரல எனக்கு, வந்து சொல்லட்டும் அவ நைனா

கீழ என் பேரு. ரெண்டு பக்கமும் மைனாவுக்குப் பதிலா பச்சைக்கிளி படம்.

அங்கேயே போன் போட்டேன். "யோவ், இன்னாய்யா பண்ணி வச்சிருக்கே?"

"இன்னாக்கா, ஒரு எழுத்து கூட்டல, ஒரு எழுத்து குறைக்கல. மைனாவுக்கு நைனா, மலைக்கு மீதி, எதுகை மோனை எல்லாம் கச்சிதமா வந்திருந்துச்சு. உங்க வரியிலேயே இதான் பெஸ்ட்டுன்னு நெனச்சேன்." மனுஷன் குரல்ல அவ்ளோ சந்தோஷம். நான் கத்தின கத்து எனக்கே திரும்பி வந்துடுச்சு. கிளியை மட்டும் கேட்டேன். "மைனா போட்டா கறுப்பா இருக்குது, கல்யாணத்துக்கு மங்களமா இல்லக்கா"ன்னாரு.

கழட்டிடலாம்னு போனா, கட்டியிருந்தது எங்கண்ணன் கடை கயிறு, எங்கண்ணன் ஆளுங்க போட்ட முடிச்சு. லேசுல அவுறுமா அது? அதோட ஜனங்க விட்டாத்தானே! "இருக்கட்டும்க்கா, சூப்பரா இருக்குது. எங்க நைனா? மீதி வரி இன்னாவாம்?" அனந்தபுரத்துலேர்ந்து வேன்ல வந்து இறங்குன சம்பந்தி வீட்டுக்காரங்க, இது ஏதோ எங்க ஊரு சம்பிரதாயம்போலன்னு நெனச்சுக்கிட்டாங்க. "பொண்ணோட அப்பா எப்ப சொல்வாரு, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா"ன்னு மாப்பிள்ளையோட பெரியம்மா எங்கிட்ட மரியாதையா கேட்டாங்க.

மைனா கார்லேர்ந்து இறங்கினா. படிச்சா. திரும்பி என்னைப் பாத்தா. "வேணாம்னுதானே அத்தை சொன்னேன்"னா, அவ்ளோதான். திட்டியிருந்தாகூட தேவலாம். கண்ணு ரெண்டும் குளமாயிடுச்சு, மேக்கப் போட்ட பொண்ணு, "மை கரையுது, மை கரையுது"ன்னு டிஷ்யூவோட குதிக்குது. மேடை ஏறி மாப்பிள்ளை பக்கத்துல நின்னா. மொய் கவரோட வர்ற ஒவ்வொருத்தரும், "எங்கம்மா உங்க நைனா, மீதி வரி சொல்ல வரலியா"ன்னு அவகிட்டயே கேக்குறாங்க. அவ சிரிக்கிறா. அந்தச் சிரிப்பைப் பாத்து என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம்னு இருந்துச்சு.

எங்கண்ணன் இதெல்லாம் தெரியாம பின்பக்கம் சமையக்கட்டுல இருந்தாரு. காய்கறி ஏத்தின வண்டியோட பின் கேட்டு வழியா வந்தவரு, முன்பக்கம் வரவேயில்ல. கல்யாணப் பொண்ணோட அப்பன், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு தண்ணி கேன் தூக்கிக்கிட்டு இருக்காரு. நானே போய் உண்மையைச் சொல்லி ரெண்டு அடி வாங்கிக்கலாம்னு ஓடினேன். எனக்கு முன்னாடியே நாலு பேரு அங்க நிக்கிறாங்க.

"இன்னாண்ணே, மீதி வரியைச் சொல்லாம இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டீங்க?"

"இன்னா வரி? யாரு சொன்னது?"

"வாசல்ல ஊருக்கே எழுதி வச்சிருக்குதே. நைனா வந்து சொல்வாருன்னு."

எங்கண்ணன் என்னைப் பாத்தாரு. நான் ரசம் அண்டாவைப் பாத்தேன். மனுஷன் மடிச்ச வேட்டியோட, தோள்ல ஈரத் துண்டோட வாசலுக்கு நடந்தாரு. நான் பின்னாலயே போனேன். பேனர் முன்னாடி நின்னு படிச்சாரு. திரும்ப முதல்லேர்ந்து படிச்சாரு. கடையில தார்ப்பாய் பாக்குறாப்போல அந்தத் துணியோட ஓரத்தை விரலால நெருடிப் பாத்தாரு. நைனாங்குற எழுத்து இருந்த இடம் அது. போச்சு, கிழிக்கப் போறாருன்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

தொறந்து பாக்கறப்போ ஆளைக் காணோம். உள்ள போறாரு. நடுவுல போட்ட சிவப்புக் கம்பளத்துல, ரெண்டு பக்கமும் ஜனம் பாத்துக்கிட்டே இருக்க, மடிச்ச வேட்டியை அவுத்து விட்டுக்கிட்டே போறாரு. பாட்டுக் கச்சேரிக்காரங்க பாட்டை நிறுத்திட்டாங்க. சம்பந்தி பெரியம்மா, "சொல்லப் போறாரு, சொல்லப் போறாரு"ன்னு எல்லாரையும் உக்கார வைக்கிறாங்க. யாரோ மைக்கைக் கொண்டுவந்து நீட்டினாங்க. அதை அவரு கையால ஒதுக்கிட்டு மேடை ஏறினாரு.

பொண்ணு முன்னாடி போய் நின்னாரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்குறாங்க. மாலை கனத்துல அவ தோள் லேசா தொங்கியிருந்துச்சு. கவிதையும் தெரியாது, எதுகையும் தெரியாது என் அண்ணனுக்கு. தொண்டையைக் கனைச்சாரு, சுவருக்கு அந்தப் பக்கம் இருமுவாரே அதே இருமல்.

"மைனா, சாப்டியா?"

மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. அவ மாலையோட, நகையோட, கரைஞ்ச மையோட அவர் மேல சாஞ்சுட்டா. ஈரத் துண்டு பட்டுப் புடவையில ஒட்டிக்கிச்சு, யாரும் எடுக்கல.

"இன்னும் இல்ல நைனா."